கீர்த்தனாவின் கறுப்புக் கண்ணாடி

இராணுவ மருத்துவமனையின் கேட்டுக்கு வெளியே ஒரு தூங்குமூஞ்சி மரம் இருந்தது. பிள்ளைகளை உள்ளே அனுப்பிவிட்டு அதன் நிழலில் பத்துப் பேர் உட்கார்ந்திருந்தோம். ஒருவர் மொழி இன்னொருவருக்குத் தெரியாது. தலைப்பாகை கட்டிய ஒரு பெரியவர் ஆரஞ்சுப் பழத்தை உரித்து எனக்கு நான்கு சுளை கொடுத்தார். நான் அவருக்கு முறுக்கு கொடுத்தேன். உள்ளே இராணுவ மருத்துவர்கள் எங்கள் பிள்ளைகளின் காது, மூக்கு, முதுகெலும்பு, கண் எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

சாயங்காலம் நாலு மணி வாக்கில் என் மகள் கீர்த்தனா வெளியே வந்தாள். கையில் ஃபைல். காலையில் நான் தேய்த்துக் கொடுத்த வெள்ளைச் சட்டை கசங்கவே இல்லை.

"அன்ஃபிட் பா" என்றாள்.

"இன்னாம்மா?"

"கண்ணு. இடது கண்ணுல சதை வளந்துருக்குதாம். ஃப்ளையிங்குக்கு எடுக்க மாட்டாங்களாம்."

அப்போது நான் சிரித்தேன்.

வேண்டுமென்று சிரிக்கவில்லை. உதடு தானாக விரிந்தது. ஒரு நொடிதான் இருக்கும். அதற்குள் அடக்கிக்கொண்டு, "அய்யய்யோ, என்னம்மா இது" என்று அவள் தோளைப் பிடித்தேன். ஆனால் பதினேழு வயதுப் பெண்ணுக்கு ஒரு நொடி போதும். அவள் என் முகத்தைப் பார்த்தாள். பிறகு பையை எடுத்துக்கொண்டு முன்னால் நடந்தாள்.

இந்த வாரப் பத்தியில் நான் எழுத நினைத்தது மரக்காணம் சந்தையைப் பற்றி. மழையில் உடைந்த உப்பள வரப்பைப் பற்றிச் சென்ற வாரம் எழுதியதைப் படித்துவிட்டு, "உங்கள் மகள் என்ன படிக்கிறாள்?" என்று ஒரு வாசகர் கேட்டிருந்தார். அதற்குப் பதில் எழுத உட்கார்ந்தேன். அதற்குப் பிறகு சந்தையைப் பற்றி ஒரு வரியும் வரவில்லை.

ஆடுகிற தரை

அவளுக்கு விமானி ஆகும் ஆசையை ஊட்டியதே நான்தான். இதைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது, ஆனால் அதுதான் உண்மை.

நான் இயற்பியல் படித்தவன். பட்டம் வாங்கிவிட்டு, அப்பாவுக்கு முடியாமல் போனதும் அவருடைய உப்பளத்துக்கு வந்து சேர்ந்தேன். படித்த படிப்பு கீர்த்தனாவுக்கு வீட்டுப்பாடம் சொல்லிக்கொடுக்க மட்டும் உதவியது. அவள் ஏழாவது படிக்கையில் பள்ளியில் பேச்சுப் போட்டி வைத்தார்கள். தலைப்பு விண்வெளி. நானும் அவளும் உட்கார்ந்து தேடினோம்.

"நெலாவுல மொதல்ல கால் வெச்சவரு அதுக்கு முன்னாடி இன்னா வேல பாத்தாரு?" என்று நான்தான் ஒரு கேள்வியைத் தூக்கிப் போட்டேன்.

தேடிப் பார்த்தால் அவர் கடற்படை விமானி. விமானம் தாங்கிக் கப்பலிலிருந்து கிளம்பும் ஒரு போர் விமான ஸ்குவாட்ரனில் இருந்தவர். இருபத்தொரு வயதில் கொரியப் போரில் பறந்திருக்கிறார். பள்ளத்தாக்கின் குறுக்கே கட்டியிருந்த கம்பியில் இறக்கை மோதி ஒரு துண்டு போய்விட்டது. எப்படியோ தம் பக்கத்து எல்லை வரை ஓட்டிவந்து பாராசூட்டில் குதித்துப் பிழைத்திருக்கிறார்.

கீர்த்தனா அதோடு நிற்கவில்லை. அமெரிக்கா முதன்முதலில் தேர்ந்தெடுத்த ஏழு விண்வெளி வீரர்களில் மூன்று பேர் கடற்படை விமானிகள். இன்னொருவர் கடற்படையை ஒட்டிய படைப்பிரிவின் போர் விமானி. அந்த நாட்டிலிருந்து முதலில் விண்வெளிக்குப் போனவரும் கடற்படைக்காரர். நிலவில் கடைசியாக நடந்துவிட்டு வந்தவரும் அப்படியே. திரும்பி வந்த கலங்கள் கடலில்தான் விழுந்தன. அவற்றைத் தூக்கி எடுக்கப் போனவையும் கடற்படைக் கப்பல்கள்.

"ஏன் அவங்களயே எடுத்தாங்கன்னு நெனைக்கிற?" என்று கேட்டேன். புது விமானங்களைச் சோதித்துப் பார்க்கும் விமானிகளைத்தான் தேடினார்கள், கடற்படையில் அப்படிப்பட்டவர்கள் இருந்தார்கள் என்று சொல்வதற்குத் தயாராக இருந்தேன்.

அவள் வேறொன்று சொன்னாள். "கப்பல் ஆடும்பா. ஆடுற தரையில எறங்கத் தெரிஞ்சவனுக்கு நெலா இன்னாப்பா, சும்மா நிக்கிற தரைதானே."

போட்டியில் அதையே சொன்னாள். கைதட்டல் வாங்கினாள். இரண்டாம் பரிசு ஒரு டிபன் பாக்ஸ். அது இன்னும் வீட்டில் இருக்கிறது.

"நம்ம நாட்டுல விண்வெளிக்கு ஏர்ஃபோர்ஸுலேந்துதானம்மா எடுக்குறாங்க" என்று பிறகொரு நாள் சொல்லிப் பார்த்தேன்.

"இதுவரைக்கும்" என்றாள்.

கொக்கி

எங்கள் வீட்டின் பின்கதவைத் திறந்தால் உப்பளம். பங்குனி, சித்திரையில் பாத்திகள் முழுக்க வெள்ளை. அந்த வெள்ளைக்கு மேலே கடற்கரையை ஒட்டி அவ்வப்போது ரோந்து விமானங்கள் போகும். லீவு விட்டால் கீர்த்தனா வரப்பில் மல்லாந்து கிடப்பாள். பார்க்காமலே சத்தத்தை வைத்து, "ரெண்டு இன்ஜின், காத்தாடி வெச்சது" என்பாள்; இன்ஜின் முன்னால் சுழலும் விசிறிதான் அவளுக்குக் காத்தாடி. எனக்கு எல்லாம் ஒரே சத்தம்.

கப்பலின் தளம் ரொம்பச் சின்னது. அதில் இறங்கும் விமானம் ஓடி நிற்க இடம் இருக்காது. அதனால் விமானத்தின் வாலில் ஒரு கொக்கி இருக்கும். தளத்தின் குறுக்கே கட்டியிருக்கும் கம்பியில் அது மாட்டிக்கொண்டு விமானத்தை இழுத்து நிறுத்தும். இதைப் படித்த மறுவாரம் உப்பு மூட்டை தூக்குகிற இரும்புக் கொக்கி ஒன்று காணாமல் போனது.

அதை சைக்கிள் கேரியரிலிருந்து தரையை ஒட்டித் தொங்கும்படி கட்டியிருந்தாள். பெரிய வரப்பின் குறுக்கே, சக்கரம் ஏறித் தாண்டும்படி தரையோடு தரையாக ஒரு கயிற்றை இரண்டு முளைகளில் கட்டி, தொலைவிலிருந்து வேகமாக மிதித்து வந்தாள். நான் பார்த்துக் கத்துவதற்குள் கொக்கி மாட்டியது. சைக்கிள் நின்றது. அவள் நிற்கவில்லை. ஹேண்டிலைத் தாண்டி உப்புத் தண்ணீர் பாத்திக்குள் போய் விழுந்தாள்.

முழங்கை, முழங்கால் எல்லாம் சிராய்ப்பு. அதில் உப்புத் தண்ணீர். அலறினாள்.

பாத்தியில் உப்பு வாரிக்கொண்டிருந்த அஞ்சலையக்கா பலகையைப் போட்டுவிட்டு ஓடிவந்து தூக்கினார். என் அப்பா காலத்திலிருந்து எங்கள் பாத்திகளில் வேலை செய்கிறவர். நான் அரை டிராயர் போட்ட நாளிலிருந்து என்னைத் தம்பி என்றுதான் கூப்பிடுவார்.

"ஏரோப்ளேன் கவுந்துடுச்சு தம்பி!" என்று சிரித்தார். "ஊறுகா போட்டுடலாமா உன் பொண்ண?"

மற்ற பெண்களும் சிரித்தார்கள். அழுதுகொண்டிருந்த கீர்த்தனாவும் சிரித்துவிட்டாள். "மாட்டிச்சுக்கா. கொக்கி மாட்டிச்சு பாத்தீங்கல்ல?" என்றாள்.

நான் சிரிக்கவில்லை. எனக்குக் கோபம், அதற்கடியில் பயம். கோபத்தை எதன் மேலாவது காட்ட வேண்டும் போலிருந்தது. அவள் முகத்தில் ஒரு கறுப்புக் கண்ணாடி இருந்தது.

பாத்தியில் கண்ணாடி

புதுச்சேரி கடற்கரையில் அவள் அம்மா செல்வி வாங்கிக் கொடுத்த கூலிங் கிளாஸ் அது. மலிவுச் சரக்கு. விமானிகள் போடுகிற மாதிரியே இருக்கிறது என்று ஆசைப்பட்டு வாங்கியது.

எங்கள் உப்பளத்தில் ஒரு வழக்கம் உண்டு. பாத்திக்குள் யாரும் செருப்போடு இறங்கக் கூடாது. காலால் மிதித்து மிதித்து இறுக்கிய தரை அது. மண் ஒட்டினால் உப்பு கறுத்துவிடும். குத்தகைக்காரர், கூலிக்காரர் எல்லோரும் வரப்பில் செருப்பை விட்டுவிட்டுத்தான் இறங்க வேண்டும். கூலிக்கு உப்பு வாரி, பிறகு குத்தகை எடுத்தவர் என் அப்பா. அவர் செருப்போடு குடையையும் சேர்த்துக்கொண்டார். "பத்துப் பேரு வெயில்ல நிக்கும்போது நாம கொட புடிச்சிக்கினு நின்னா சோறு எறங்காதுடா" என்பார். கடைசி வரை தலையில் ஒரு துண்டோடு நின்றார்.

அந்தப் பட்டியலில் கறுப்புக் கண்ணாடியைச் சேர்த்தவன் நான்.

"கழட்டு அத" என்றேன். "இவங்க முன்னாடி கூலிங் கிளாஸ் மாட்டிக்கினு நிப்பியா? மொதலாளி பொண்ணா நீ?"

"வெயில் கூசுதுப்பா."

"அவங்களுக்குக் கூசலியா?"

கழற்றிக் கொடுத்தாள். நான் அதை வரப்போர உப்புக் கொட்டகையில், கூரைக் கீற்றுக்கும் மூங்கிலுக்கும் நடுவே செருகினேன். அன்று எனக்குப் பெருமையாக இருந்தது. மகளுக்கு ஒரு நல்ல குணத்தைக் கற்றுக்கொடுத்துவிட்டதாக செல்வியிடம் சொன்னேன். செல்வி, "கண்ணாடியில என்னங்க இருக்குது?" என்று மட்டும் கேட்டாள்.

அதன் பிறகு ஒவ்வொரு கோடையிலும் கீர்த்தனா வரப்பில் வெறும் கண்ணோடுதான் கிடந்தாள். கீழே உப்பின் வெள்ளை, மேலே வானம். கண் சிவந்தால் மெடிக்கலில் கேட்டுச் சொட்டு மருந்து வாங்கிக் கொடுத்தேன். எழுத்துகளைப் படிக்கச் சொல்லும் சோதனையில் கடைசி வரி வரை தடுமாறாமல் படித்தாள். அதனால் யாருக்கும் எதுவும் தோன்றவில்லை.

அன்று கேட்டுக்கு வெளியே நான் சிரித்ததற்கும் காரணம் சொல்லிவிடுகிறேன்.

ஏழாவதில் தேடத் தொடங்கியதை அவளும் விடவில்லை, நானும் விடவில்லை. அவள் அந்த ஸ்குவாட்ரன்களிலிருந்து விண்வெளிக்குப் போனவர்களைப் படித்தாள். நான் அதே ஸ்குவாட்ரன்களில் திரும்பி வராதவர்களைத் தேடித் தேடிப் படித்தேன். இருட்டில் கப்பலின் தளத்தைத் தவறவிட்டவர்கள், பயிற்சியிலேயே கடலுக்குள் போனவர்கள். அவளிடம் சொன்னதில்லை. கடற்படை விமானிக்கான எழுத்துத் தேர்வில் அவள் தேறியபோது தெருவுக்கே லட்டு கொடுத்தேன். ஐந்து நாள் நேர்முகத் தேர்விலும் தேறினாள். பெற்றோர் சம்மதம் என்ற தாளில் கையெழுத்துப் போட்டபோது என் பெயரின் கடைசி எழுத்து கோணிக்கொண்டு போனது. பேனா சரியில்லை என்றேன்.

அன்ஃபிட் என்ற சொல் காதில் விழுந்ததும், அந்தக் கடல் அவளுக்கு இனி இல்லை என்று என் உடம்புக்கு முதலில் தெரிந்துவிட்டது. அவளுக்கு என்ன போயிற்று என்று மனசுக்குத் தெரிவதற்குள் உதடு விரிந்துவிட்டது.

"எனக்கு யாரு சொன்னா?"

திரும்பி வரும் ரயிலில் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தாள். விழுப்புரம் வருவதற்குக் கொஞ்சம் முன்னால்தான் வாயைத் திறந்தாள்.

"சிரிச்ச இல்ல?"

"நானா? எப்பம்மா?"

"சொன்ன ஒடனே."

"வெயிலு. கண்ணு கூசிச்சு, மொகம் சுருங்கிடுச்சு."

மரத்தடி நிழலில் உட்கார்ந்திருந்தவன் இப்படிச் சொன்னேன். அவள் என் பக்கம் திரும்பவே இல்லை.

வீட்டுக்கு வந்த மறுநாள் காலையில் அஞ்சலையக்கா வந்தார். வேலைக்குப் போகும் வழியில், தூக்குவாளியோடு வாசலில் நின்றார்.

"திருப்பி அனுப்பிட்டாங்களாமே கண்ணு? எதுக்காம்?"

கீர்த்தனா முகம் பார்க்கும் கண்ணாடி முன் நின்று கற்றுக்கொண்டது போல, இடது கண்ணின் கீழ் இமையை விரலால் இழுத்துக் காட்டினாள். மூக்கோரத்திலிருந்து ஒரு மெல்லிய சிவந்த சவ்வு, கறுவிழியைத் தொட்டும் தொடாமலும் நின்றது.

அஞ்சலையக்கா கிட்டே வந்து பார்த்தார். வாய்விட்டுச் சிரித்தார். "இதுக்கா? அடிப்பாவி, இது எங்க எல்லாருக்கும் இருக்குதே! இத பாரு."

தன் கண்ணைக் காட்டினார். இரண்டு கண்ணிலும் இருந்தது. வலது கண்ணில் அது கறுவிழியின் பாதி வரை ஏறி மூடியிருந்தது. கீர்த்தனா எழுந்து அவர் முகத்தை இரண்டு கையாலும் பிடித்து வெளிச்சத்துக்குத் திருப்பிப் பார்த்தாள்.

"அக்கா, இது வெயிலால வர்றது. உப்புல பட்டுத் திரும்புற வெளிச்சத்தால. எடுத்துடலாமாம், ஆபரேஷன் இருக்குதாம். டாக்டர் சொன்னாங்க."

"எடுக்கலாமா?"

"ஆமாக்கா. கறுப்புக் கண்ணாடி போட்டிருந்தா இவ்ளோ வந்திருக்காதாம்."

அஞ்சலையக்கா என்னைப் பார்த்தார். அந்தக் கண்களை நான் இருபது வருஷமாகத் தினமும் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறேன். வயசானால் வருவது என்று நினைத்திருந்தேன். முப்பது வயதுப் பெண்களுக்கும் இருந்ததே என்று அப்போதுதான் தோன்றியது.

"எனக்கு யாரு சொன்னா தம்பி?" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. தூக்குவாளியை எடுத்துக்கொண்டு பாத்திக்குப் போய்விட்டார்.

அவர்கள் முன்னால் சமமாக நிற்க வேண்டும் என்றுதான் என் மகளின் கண்ணாடியைப் பிடுங்கினேன். படித்தவன், ஒளி எப்படித் திரும்பும் என்று பரீட்சையில் படம் போட்டு மார்க் வாங்கியவன். அவர்களுக்கு ஆளுக்கு ஒரு கண்ணாடி வாங்கிக் கொடுத்தும் சமமாக நின்றிருக்கலாம். அது எனக்குத் தோன்றவே இல்லை.

அன்று கொட்டகைக்குப் போய்க் கூரையில் கைவிட்டுத் துழாவினேன். கண்ணாடி இருந்தது. எடுத்து விரித்ததும் உப்புக்காற்றில் துருப்பிடித்திருந்த காதுக் கம்பி ஒடிந்து கையோடு வந்தது.

புதுச்சேரியில்

கண் மருத்துவமனைக்கு மூன்று பேராகப் போனோம். அஞ்சலையக்காவும் வர வேண்டும் என்று கீர்த்தனா பிடிவாதம் பிடித்தாள். அவருக்கு ஒரு நாள் வேலையை விட மனசில்லை. "ஒத்தக் கண்ணு தெரிஞ்சா போதாதா உப்பு வார?" என்று பஸ் ஏறும் வரை சொல்லிக்கொண்டே வந்தார்.

மருத்துவர் இளம்பெண். கீர்த்தனாவின் கண்ணைக் கருவி வழியாக ரொம்ப நேரம் பார்த்தார்.

"எடுத்துடலாம். ஆனா திரும்ப வளர வாய்ப்பு இருக்கு. கொஞ்ச மாசம் பாக்கணும். வளராம இருந்தாத்தான் அடுத்த மெடிக்கலுக்குப் போக முடியும்" என்றார். "வயசு இருக்குல்ல?"

"இன்னும் ஒரு தடவ பரீட்ச எழுதலாம் மேடம்" என்றாள் கீர்த்தனா.

"வெயில்ல ரொம்ப இருப்பியா?"

"உப்பளம் மேடம்."

"கிளாஸ் போடற பழக்கம் இல்லையா?"

கீர்த்தனா வாயைத் திறந்தாள். மூடிக்கொண்டாள். பிறகு, "எங்கயோ தொலஞ்சிடுச்சு" என்றாள்.

ரயிலில் நான் சொன்ன பொய் என்னைக் காப்பாற்ற. இது அவள் என்னைக் காப்பாற்றச் சொன்னது.

"தொலையல மேடம். நான்தான் போடக் கூடாதுன்னு புடுங்கி வெச்சிட்டேன்" என்றேன். எழுதுவதற்குக் குனிந்திருந்த மருத்துவர் நிமிர்ந்தார். கீர்த்தனாவைப் பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை. சுவரில் இருந்த கண்ணின் படத்தைப் பார்த்துக்கொண்டே, "அன்ஃபிட்டுன்னு சொன்னப்ப நான் சிரிச்சேம்மா. வெயிலு இல்ல. பயம்" என்றேன்.

டாக்டர் முன்னால் சொல்ல வேண்டிய விஷயமா அது என்று செல்வி பிறகு திட்டினாள். வேறு எங்கே சொல்லியிருந்தாலும் பாதியில் நிறுத்தியிருப்பேன்.

அந்த அறையில் அஞ்சலையக்காதான், "அழுவாத தம்பி, அடுத்து என் கண்ண பாக்கணும்" என்றார்.

வடக்கே போன விமானம்

ஆபரேஷன் முடிந்து ஒரு வாரம் ஆகிறது. அஞ்சலையக்காவுக்கு அடுத்த மாதம் நாள் கொடுத்திருக்கிறார்கள். கீர்த்தனாவின் இடது கண்ணில் கட்டு. வெளிச்சத்தில் வரக் கூடாது என்பதால் பின்னறையில் ஜன்னலைச் சாத்திக்கொண்டு படுத்திருக்கிறாள். வேளைக்கு வேளை கட்டை விலக்கிச் சொட்டு மருந்து நான் விடுகிறேன். தலையைப் பின்னால் சாய்த்துக் காட்டுவாள். "ம்", "விட்டாச்சா", "போதும்", இந்த மூன்று சொற்கள்தான் எங்களுக்குள் நடந்துகொண்டிருந்தன.

நேற்று மதியம் நான் சோறு கொண்டு போய் வைத்தபோது தூரத்தில் சத்தம் கேட்டது. அவள் தலையைத் தூக்கினாள்.

"போய்ப் பாருப்பா."

பின்கதவைத் திறந்தேன். உச்சி வெயில். பாத்திகள் முழுக்க வெள்ளை. மேலே பார்த்தால் கண்ணைத் திறக்க முடியவில்லை. இருபது வருஷம் குனிந்தே நின்ற இடம் அது.

"தெரியலம்மா, கூசுது."

"மேசையில என் கண்ணாடி இருக்குது. மாட்டிக்கினு போ."

மருத்துவர் எழுதிக் கொடுத்த புதுக் கறுப்புக் கண்ணாடி. அட்டைப் பெட்டியிலிருந்து எடுத்து மாட்டினேன். எனக்குச் சின்னது, காதோரம் அழுத்தியது. செருப்பை வாசலில் விட்டுவிட்டு வரப்பில் ஏறினேன். பாத்தியில் இருந்த பெண்கள் எல்லோரும் நிமிர்ந்தார்கள்.

"பாருடி, ஆபீசரு வர்றாரு!" என்று அஞ்சலையக்கா குரல் கொடுத்தார். சிரிப்பு வரப்பு வரப்பாகப் போனது. கழற்றிவிடலாமா என்று கை ஒருமுறை மேலே போனது. பிறகு இறக்கிக்கொண்டேன்.

வானம் தெரிந்தது. அதில் விமானமும் தெரிந்தது.

"எத்தன இன்ஜினு?" உள்ளேயிருந்து கீர்த்தனாவின் குரல்.

"ரெண்டு!"

"காத்தாடியா?"

"ஆமா! காத்தாடி!"

"சக்கரம் உள்ளயா, வெளியவா?"

விமானத்துக்குச் சக்கரம் உள்ளே போகும் என்பதை நான் அதுவரை ஒரு தடவைகூடக் கவனித்துப் பார்த்ததில்லை. கழுத்தை வளைத்துப் பார்த்தேன்.

"உள்ள!"

"சிரிக்கிறியாப்பா?"

"இல்லம்மா."

"எந்தப் பக்கம் போவுது?"

"வடக்க. கடலு மேல."

"மறையற வரைக்கும் பாத்து சொல்லு."

நான் நின்றேன். அது ஒரு புள்ளியாகச் சிறுத்துக் கடல் பக்கம் போய்க்கொண்டிருந்தது. பயமாகத்தான் இருந்தது. கண்ணை எடுக்கவில்லை.